கொழும்பு வானில் ஒரு வட்டம்: பத்து நிமிடக் கணக்கு

2009 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை. இரவு 9.30ஐத் தாண்டியிருந்தது. கொழும்பில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. தேடுவிளக்குகள் வானைத் துழாவின, விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் முழங்கத் தொடங்கின. வன்னியிலிருந்து வந்த விடுதலைப் புலிகளின் இரண்டு இலகு விமானங்களில் ஒன்று கட்டுநாயக்கவில் சுடப்பட்டு விழுந்தது. மற்றது கொழும்பின் நடுவே, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையிலுள்ள உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. விமானப்படைத் தலைமையகமும் அதே வீதியில்தான் இருக்கிறது. இருவர் உயிரிழந்தனர், சுமார் 50 பேர் காயமடைந்தனர்.

அனுமதியில்லாத எந்த விமானத்துக்கும் அந்த வானில் இடமில்லை. வந்தவை நகரை எட்டும் முன்பே கண்டறியப்பட்டன, எச்சரிக்கையும் போய்ச் சேர்ந்தது. துப்பாக்கிகள் தயாராக இருந்தன, ஒன்று விழுத்தவும்பட்டது. இத்தனைக்குப் பிறகும் மற்றது நகரின் மையத்துக்கு வந்துவிட்டது. தலைநகரைச் சுற்றி வான்தடை போட்டால் பாதுகாப்புக் கூடுமா என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரவைத்தான்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வரைபடத்தில் போட்ட வட்டம் தீய நோக்கத்தோடு வருபவனைத் தடுப்பதில்லை. தவறி வருபவனையும் தெரிந்தே வருபவனையும் பிரித்துக் காட்டும் சல்லடை அது. அந்தச் சல்லடையால் பயன் வேண்டுமென்றால், வட்டத்தின் ஓரத்திலிருந்து இலக்குவரை விமானம் பறக்கும் நேரம், காவல் செய்பவர்கள் கண்டு, அடையாளம் பிரித்து, முடிவெடுத்து, செயற்படும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். கொழும்பில் இந்த இரண்டு நேரங்களும் பொருந்துவதில்லை.

சட்டத்தில் இருப்பது என்ன

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து முறையில் மூன்று வகைப் பகுதிகள் உண்டு. தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் யாரும் போகக்கூடாது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதிக்குள் குறித்த நிபந்தனைகளோடு போகலாம். அபாயப் பகுதியில் ஆபத்து உண்டு என்ற அறிவித்தல் மட்டுமே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எல்லை, கீழ் உயரம், மேல் உயரம், அமுலிலிருக்கும் நேரம் ஆகியவை வெளியிடப்படும். இலங்கையின் பகுதிக் குறியீடுகள் விசி என்ற எழுத்துகளில் தொடங்கும். விமான நிலையக் குறியீடுகளும் அப்படித்தான்: கட்டுநாயக்க விசிபிஐ, இரத்மலானை விசிசிசி.

1944 சிகாகோ உடன்படிக்கையின் 9ஆம் உறுப்புரை இராணுவத் தேவைக்காகவோ பொதுப் பாதுகாப்புக்காகவோ வான்பரப்பை மூடும் உரிமையை அரசுக்குக் கொடுக்கிறது. ஆனால் அப்பகுதியின் அளவும் இடமும் நியாயமாக இருக்க வேண்டும், விமானப் போக்குவரத்தைத் தேவையின்றிக் குழப்பக்கூடாது என்றும் அதே உறுப்புரை சொல்கிறது. 1983இல் கொரிய விமானமொன்றைச் சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியதைத் தொடர்ந்து, 1984இல் 3 பிஸ் என்ற திருத்தம் நிறைவேறியது. பறந்துகொண்டிருக்கும் சிவில் விமானத்தின்மீது ஆயுதம் பயன்படுத்துவதை அரசுகள் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே வட்டத்துக்குள் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒரு விமானத்தைச் சுட முடியாது. சுடலாமா என்று முடிவெடுக்க ஒரு மனிதருக்கு நேரம் வேண்டும்.

கொழும்பும் அதன் அயலும் கண்ட நான்கு இரவுகள்

2007 மார்ச் 26 நள்ளிரவு கடந்து கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டுகள் விழுந்தன. மூன்று விமானப்படையினர் உயிரிழந்தனர். வந்த விமானங்கள் சேதமின்றித் திரும்பிவிட்டன. ஏப்ரல் 29 அதிகாலையில் கொலன்னாவ, முத்துராஜவெல எரிபொருள், எரிவாயுக் களஞ்சியப் பகுதிகள் இலக்காயின. பார்படோஸில் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் உலகக் கிண்ண இறுதியாட்டம் ஆடிக்கொண்டிருந்த இரவு அது, பாதி நகரம் தொலைக்காட்சி முன்னால் விழித்திருந்தது. 2008 அக்டோபர் 28 இரவு களனிதிஸ்ஸ மின் நிலையம் தாக்கப்பட்டது. நான்காவது, தொடக்கத்தில் சொன்ன பெப்ரவரி இரவு.

பயன்படுத்தப்பட்டவை செக் நாட்டுத் தயாரிப்பான ஸ்லின் 143 ரகம். நான்கு இருக்கை, ஒற்றை பிஸ்டன் இயந்திரம், 235 குதிரைவலு, உச்ச எடை 1,350 கிலோ. ஒரு சிறிய காரின் எடைதான். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் சுமார் 280 கி.மீ. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வந்தால் ஏறத்தாழ 84 நிமிடம். காவல் செய்பவர்களிடம் மலையளவு நேரம் இருந்ததுபோல் தோன்றும். அது எங்கே கரைந்தது என்பதுதான் ஆராய வேண்டியது.

ராடர் அலை நேராகச் செல்லும், பூமியோ வளைந்தது. ராடர் அடிவானத் தூரத்தைக் கணக்கிட ஒரு எளிய சூத்திரம் உண்டு: அன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தையும் விமான உயரத்தின் வர்க்கமூலத்தையும் மீற்றரில் எடுத்துக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீற்றரில் வரும். அன்டெனா 10 மீற்றர், விமானம் 100 மீற்றர் என்றால் 13 + 41, அதாவது 54 கி.மீ. நிலம் தட்டையாக, மரமோ மேடோ குறுக்கே இல்லாமல் இருந்தால்தான் அதுவும். 200 கி.மீ. வேகத்தில் 54 கி.மீ. பறக்க 16 நிமிடம் போதும். தாழப் பறந்து வருபவனைப் பொறுத்தவரை 84 நிமிடம் அப்படியே 16 ஆகச் சுருங்கிவிடுகிறது. நகரிலுள்ள ஒரு ராடரை மட்டும் நம்பியிருந்தால் கிடைப்பது அவ்வளவுதான். முன்னால் வேறு ராடர்கள் இருந்து அவற்றின் தகவல் உடனுக்குடன் வந்தால்தான் மிச்ச நேரம் கைக்கு வரும்.

அக்காலத்தில் இந்தியா வழங்கிய இந்திரா ராடர்கள் இரு பரிமாண வகை. தூரமும் திசையும் தெரியும், உயரம் தெரியாது. உயரம் தெரியாமல் இருட்டில் ஒரு போர் விமானத்தை எதிரியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது கிணற்றுக்குள் விழுந்த சாவியைக் கயிற்றால் தேடுவதுபோல. அந்த ராடர் எவ்வளவு பெறுமதியானது என்பது எதிர்த்தரப்புக்கும் தெரிந்திருந்தது. 2008 செப்டெம்பர் 9இல் வவுனியாத் தளம் தாக்கப்பட்டபோது அங்கிருந்த இரண்டு இந்தியத் தொழில்நுட்பவியலாளர்கள் காயமடைந்தனர்.

அடுத்தது வேகப் பொருத்தமின்மை. 2008இல் விமானப்படையின் சேவைக்கு வந்த எஃப்-7ஜிஎஸ் போர் ஜெட் மணிக்கு 300 கி.மீ.க்குக் கீழே நிதானமாகப் பறக்காது. ஸ்லின் 200 கி.மீ.இல் ஊர்கிறது. ஜெட் பின்னால் வந்து குறிபார்ப்பதற்குள் தாண்டிப் போய்விடும், மறுபடி சுற்றி வர வேண்டும், ஒவ்வொரு சுற்றும் இரண்டு மூன்று நிமிடத்தை விழுங்கும். வெப்பத்தைத் தேடிச் செல்லும் ஏவுகணைக்கும் சிக்கல்தான். ஜெட் இயந்திரத்தின் வாலில் எரியும் வெப்பத்துக்காக அமைந்த கண்ணுக்கு, பிஸ்டன் இயந்திரத்தின் புகைபோக்கிச் சூடு மங்கலாகவே தெரியும். குறுகிய தூரத்துக்கு வந்தால்தான் இலக்கைப் பற்றிக்கொள்ளும்.

மின்தடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகரை இருட்டாக்கினால் விமானி வழிதவறுவான் என்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கணக்கு. கையடக்க ஜிபிஎஸ் இருப்பவனுக்கு வெளிச்சம் தேவையில்லை. போதாததற்கு, கொழும்பின் கரையோர வெண்ணுரை நிலவில்லாத இரவிலும் ஒரு கோடாகத் தெரியும். இருட்டில் தவித்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீடுகளில் இருந்த குடும்பங்கள். என்ன நடக்கிறது என்று பார்க்கப் பலர் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். அதுதான் அந்த நேரத்தில் மிக ஆபத்தான இடம். 12.7 மி.மீ. போன்ற சிறு ரவை வானில் வெடித்து அழிவதில்லை, மேலே போனது எங்காவது கீழே வரும். சுடும் சத்தம் கேட்டால் கொங்கிரீட் கூரையின் கீழ், ஜன்னலை விட்டு விலகி, இரண்டு சுவர்களுக்கு உள்ளே நிற்க வேண்டும். தகரக் கூரை காப்பாற்றாது.

தடை எங்கே உதவியது

உதவிய இடமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகு, 2007 மே மாதத்திலிருந்து சில காலம் கட்டுநாயக்க விமான நிலையம் இரவு 10.30 முதல் அதிகாலை 4.30 வரை மூடப்பட்டது. பயணிகளுக்கும் விமானச் சேவைகளுக்கும் பெரும் இழப்பு. ஆனால் காவலுக்கு ஒரு நன்மை கிடைத்தது: அந்த ஆறு மணிநேரமும் ராடர்த் திரை வெறுமையாகிவிட்டது. வெறும் திரையில் ஒரு புள்ளி அசைந்தால் அது யாருடையது என்று யோசிக்க வேண்டியதில்லை. அடையாளம் பிரிக்கும் நிமிடங்கள் மிச்சமாயின. வான்தடையின் உண்மையான பயன் இதுதான், சந்தேகத்தின் அளவைக் குறைப்பது.

ஆனால் இந்தப் பயன் நேரத்தோடு கட்டுண்டது. பெப்ரவரி 20இல் விமானங்கள் 9.30ஐ ஒட்டி வந்தன. வழக்கமான போக்குவரத்து இருக்கும் நேரம் அது.

வான்வழி அச்சுறுத்தல் கடைசியில் நின்றது வட்டத்தால் அல்ல. வன்னியின் ஓடுபாதைகளும் விமானங்களும் இல்லாமற் போனதால்தான் நின்றது. ஓடுபாதைகள் எல்லாம் கைப்பற்றப்பட்டுவிட்டன என்று அறிவிக்கப்பட்டிருந்த நிலையில்தான் அந்த இரு விமானங்களும் கிளம்பின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இலகு விமானம் கிளம்ப நேரான ஒரு வீதித்துண்டு போதும்.

இன்றைய கொழும்பு: நேரத்தை எண்ணிப் பார்ப்போம்

இப்போது யுத்தம் இல்லை. கேள்வி மட்டும் மாறவில்லை: ஜனாதிபதி மாளிகை, பாராளுமன்றம், துறைமுகம் ஆகியவற்றைச் சுற்றி வட்டம் போட்டால் எத்தனை நிமிடம் கிடைக்கும்?

இரத்மலானையின் ஓடுபாதை 04/22. அதாவது வடகிழக்கே கிளம்பும் விமானம் 40 பாகைத் திசையில் எழும். ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயிலுள்ள பாராளுமன்றம் அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 8 கி.மீ., அந்தத் திசைக்குச் சற்று இடப்புறமாக. கொழும்புக் கோட்டை சுமார் 13 கி.மீ. பயிற்சிக்குக் கிளம்பும் செஸ்னா 172 ஒன்று 90 நொட் வேகத்தில், மணிக்கு 167 கி.மீ., நிமிடத்துக்கு 2.8 கி.மீ. போகிறது. பாராளுமன்றத்துக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கோட்டைக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவு.

மறுபக்கம் என்ன நடக்கும்? ராடர் அன்டெனா பத்து விநாடிக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளி பாதை மாறிவிட்டது என்று உறுதிப்படுத்த மூன்று நான்கு சுற்று வேண்டும்: 40 விநாடி. கட்டுப்பாட்டாளர் வழமையான அலைவரிசையில் கூப்பிடுவார், பதிலில்லை என்றால் 121.5 மெகாஹேர்ட்ஸ் அவசர அலைவரிசையில் கூப்பிடுவார்: ஒரு நிமிடம். வானொலி கெட்டிருக்கலாம், அப்படியானால் விமானி, ராடருக்கு விமானத்தின் குறியீட்டை அனுப்பும் கருவியான டிரான்ஸ்பொண்டரில் 7600 போட்டிருப்பார், அதைப் பார்க்க வேண்டும். கடத்தல் என்றால் 7500, வேறு அவசரம் என்றால் 7700. விமானப்படைக்குத் தொலைபேசி: ஒரு நிமிடம். அதிகாரம் உள்ளவரை எழுப்பி நிலைமையைச் சொல்லி உத்தரவு பெற: நல்ல நாளில் இரண்டு நிமிடம். ஓடுபாதை ஓரத்தில் தயாராக நிற்கும் ஜெட் கிளம்ப ஐந்து நிமிடம் என்பது நன்கு பயிற்சிபெற்ற படைகளின் அளவு, உத்தரவுக்குக் காத்திராமல் அதை முதலிலேயே தொடங்கினாலும் கட்டுநாயக்கவிலிருந்து 28 கி.மீ. வந்து விமானத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க இன்னும் மூன்று நிமிடமாவது ஆகும். எந்தப் பிசகும் இல்லாமல் கூட்டினால் பத்து நிமிடத்தை ஒட்டி வரும்.

பத்து நிமிடத்தில் செஸ்னா 28 கி.மீ. போய்விடும். 250 நொட்டில் வரும் சிறிய ஜெட் 77 கி.மீ. போய்விடும். ஆக, மிக மெதுவான விமானத்துக்கே 28 கி.மீ. ஆரை வேண்டும். கோட்டையை நடுவாக வைத்து அந்த வட்டத்தை வரைந்தால் இரத்மலானை முழுவதாக உள்ளே விழுகிறது, கட்டுநாயக்க விளிம்பில் தொங்குகிறது. நாட்டின் பிரதான விமான நிலையத்தை மூடாமல் பயனுள்ள வட்டம் போட முடியாது. போடக்கூடிய சிறிய வட்டமோ இரண்டொரு நிமிடத்தைத்தான் தரும்.

வாஷிங்டன் இதே கணக்கோடு மல்லுக்கட்டியது. அங்கே சுமார் 15 கடல்மைல் உள்வட்டம், 30 கடல்மைல் வெளிவட்டம். 15 கடல்மைல் என்பது 28 கி.மீ., மேலே வந்த அதே எண். வெளிவட்டத்துக்குள் பறப்புத் திட்டம், தனிக் குறியீடு, இருவழி வானொலித் தொடர்பு மூன்றும் கட்டாயம். இத்தனை இருந்தும் 2005 மே 11இல் ஒரு செஸ்னா 150 வழிதவறி வெள்ளை மாளிகைக்குச் சில மைல் அருகே வந்து, கட்டடங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். 2015 ஏப்ரல் 15இல் ஒருவர் கைரோகொப்டர் என்ற மிகச் சிறிய சுழலிறக்கை விமானத்தில் வந்து நாடாளுமன்றக் கட்டடத்தின் புல்வெளியில் இறங்கினார். ராடரில் அது தென்படாமலில்லை. பறவை, பட்டம், மேகத்துண்டு போன்றவற்றை நீக்கும் வடிகட்டி அதையும் நீக்கிவிட்டது. மாலையில் காலிமுகத்திடலில் எத்தனை பட்டம் ஏறுகிறது, துறைமுகத்தின் மேல் எத்தனை காகம் சுற்றுகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்த வடிகட்டியின் பாடு புரியும். தளர்த்தினால் திரை முழுக்கப் புள்ளி. இறுக்கினால் உண்மையானதும் போய்விடும்.

எல்லை மீறுபவர்களில் பெரும்பாலோர் அப்பாவிகள் என்பதும் முக்கியம். பழைய வரைபடம், புதுப்பிக்காத ஜிபிஎஸ் தரவு, கிளம்பும் முன் வாசிக்காத விமானிகளுக்கான அறிவித்தல், மழைமேகத்தைச் சுற்றப்போய் கோட்டைத் தாண்டியது, தவறான அலைவரிசையில் காத்திருந்தது. கொழும்பில் ஏப்ரல் பிற்பகல் இடிமேகம் எழும்போது பயிற்சி விமானிக்குக் கடற்பக்கமோ தடைப்பக்கமோதான் மிச்சம் இருக்கும். இப்படிப்பட்ட மீறல் ஒவ்வொன்றும் காவலர்களின் கூர்மையைக் கொஞ்சம் தேய்க்கிறது. பத்தும் பொய்யாகிப் போனால் பதினோராவதை யாரும் ஓடிவந்து பார்க்கமாட்டார்கள். சட்டத்தை மதித்துச் சுற்றிப் போகிறவர் கொடுக்கும் விலையும் இருக்கிறது. செஸ்னா 172 மணிக்கு 30 முதல் 35 லீற்றர் விமானப் பெற்றோல் குடிக்கும். பத்து நிமிடச் சுற்று என்றால் ஐந்து ஆறு லீற்றர், அதைக் கட்டணமாகக் கட்டுபவர் மாணவர்.

தரையும் ட்ரோனும்

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்துக்கும் கடற்கரையோர ஹோட்டல்களுக்கும் குண்டுதாரிகள் முதுகுப்பையோடு நடந்து வந்தார்கள். நாடெங்கும் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. முன்கூட்டிய உளவுத் தகவல் இருந்தும் அது உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. நான்கு நாள் கழித்து நாடு முழுவதும் ட்ரோன் பறக்கத் தடை வந்தது. அவசர நாட்களில் வானத்தைச் சுத்தமாக வைப்பதற்குக் காரணம் உண்டு, அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் நடந்த தாக்குதலில் வானத்துக்குப் பங்கே இல்லை. பாதுகாப்புக்கென ஒதுக்கும் பணமும் ஆட்களும் அளவானவை. அவற்றை எங்கே வைப்பது என்று கேட்கும்போது கொச்சிக்கடையை மறக்கக்கூடாது.

ட்ரோன் வேறு ரகச் சிக்கல். ராடர் கண்டுபிடிக்கும் தூரம், இலக்கு அலையைத் திருப்பும் பரப்பின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. சிறிய விமானத்துக்கு 1 சதுர மீற்றர், சிறிய ட்ரோனுக்கு அதில் நூறில் ஒரு பங்கு என்று எடுத்தால் கண்டுபிடிக்கும் தூரம் மூன்றில் ஒன்றாகிவிடும். கொள்ளுப்பிட்டியில் ஒரு மொட்டைமாடியிலிருந்து கிளம்பினால், விநாடிக்கு 15 மீற்றர் வேகத்தில் ஒரு கிலோமீற்றரை 67 விநாடியில் கடந்துவிடும். பத்து நிமிடக் கணக்கு இங்கே செல்லாது. ட்ரோன் தடைப்பகுதிக்குள் போகாதபடி தயாரிப்பாளர்கள் மென்பொருளில் போடும் வேலி நல்லவர்களை மட்டும் நிறுத்தும். ட்ரோனை இயக்கும் 2.4, 5.8 கிகாஹேர்ட்ஸ் வானொலி அலைகளைக் குழப்பினால் கோட்டையிலுள்ள அலுவலகங்களின் வைஃபையும் சேர்ந்து குழம்பும். உக்ரைன் போரில் கண்ணாடியிழைக் கம்பியால் இயக்கும் ட்ரோன்களே வந்துவிட்டன, குழப்புவதற்கு அங்கே அலையே கிடையாது.

வெள்ளவத்தையில் திருமணப் படப்பிடிப்புக்கு ட்ரோன் எடுக்கும் ஒளிப்பதிவாளர் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிவு செய்து, பறக்கும் இடத்துக்கு அனுமதி பெற்று, பாதுகாப்புத் தரப்பின் ஒப்புதலையும் வாங்க வேண்டியிருக்கிறது. பதிவு இருப்பதால் அவருடைய ட்ரோனை அடையாளம் காணலாம், அது உண்மையான பயன். அனுமதி விரைவாகவும் ஒரே இடத்திலும் கிடைத்தால் பதிவில்லாமல் பறப்பவர்கள் குறைவார்கள், சல்லடையின் கண் நுணுகும். இழுத்தடித்தால் அப்பாவிகளே திருட்டுத்தனமாகப் பறப்பார்கள், சந்தேகம் பெருகும்.

அளந்து பார்க்கும் வழி

வட்டத்தைப் பெரிதாக்குவதற்கு முன் செய்யவேண்டியது ஒரு பரீட்சை. அதிக செலவில்லாதது. உரிய அனுமதியோடு ஒரு இலகு விமானம் டிரான்ஸ்பொண்டரை அணைத்து, களுத்துறைப் பக்கத்திலிருந்து கடலோரமாக வரட்டும். முதலில் 1,000 அடி, அடுத்து 500, அடுத்து அனுமதிக்கக்கூடிய மிகத் தாழ்ந்த உயரம். பகல் ஒன்று, இரவு ஒன்று, மழைமேகம் உள்ள பிற்பகல் ஒன்று. பணியிலிருக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் விமானப்படையின் காவல் அறைக்கும் நாள் மட்டும் தெரியலாம், நேரம் தெரியக்கூடாது. இரத்மலானைக் கோபுரத்தில் ஒருவர், காவல் அறையில் ஒருவர், விமானத்தில் ஒருவர் என மூவர் ஒரே நேரத்துக்கு ஒத்திசைத்த கடிகாரத்தோடு நிற்க வேண்டும். புள்ளி முதலில் தெரிந்த விநாடி, முதல் அழைப்பு, 121.5இல் அழைப்பு, காவல் அறைக்கு மணி அடித்தது, முடிவு சொல்லப்பட்டது: ஐந்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். விமானம் 10 கி.மீ. தொலைவிலேயே திரும்பிவிடும், யாருக்கும் ஆபத்தில்லை.

எங்கே நேரம் கசிகிறது என்பது அந்தத் தாளில் தெரியும். ராடரில் கசிந்தால் அன்டெனாவின் இடத்தையோ உயரத்தையோ மாற்ற வேண்டும். தொலைபேசியில் கசிந்தால் கோபுரத்துக்கும் காவல் அறைக்கும் இடையே எண் அழுத்தத் தேவையில்லாத நேர்த்தொடர்பு போட வேண்டும், அதற்கு ஒரு கம்பியும் இரண்டு கருவியும் போதும். முடிவெடுப்பதில் கசிந்தால் இரவுப் பணியில் யாருக்கு என்ன அதிகாரம், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்பதைப் பெயரும் எண்ணுமாக எழுதி அந்த மேசையிலேயே ஒட்ட வேண்டும். அதன்பின் அதே பரீட்சையை அதே உயரங்களில், வேறொரு மாதத்தில், கடற்காற்று மாறிய பிறகு மறுபடி நடத்த வேண்டும்.